ஏழிலைப்பாலை நிழலில் ஒரு குருகுலம்

வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில், போல்பூரை அடுத்த வறண்ட செம்மண் மேட்டில், 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. மாணவர்கள் ஐந்து பேர். அவர்களுள் ஒருவன் பள்ளியை நிறுவியவரின் மூத்த மகன். வகுப்பறைகள் இல்லை, அரசின் அங்கீகாரம் இல்லை, மாணவர்களிடம் கட்டணமும் வாங்கப்படவில்லை. நிறுவியவருக்கு அப்போது வயது நாற்பது. கவிஞர் என்ற பெயர் வங்காளத்தில் அவருக்கு நிலைபெற்றிருந்தது. ஆனால் எந்தப் பள்ளியிலும் முறையாகப் படித்து முடித்தவர் அல்லர் அவர். அவரே ரவீந்திரநாத் தாகூர்.

கீதாஞ்சலியை அருளிய மகாகவி என்றும், நம் தேசிய கீதத்தை இயற்றியவர் என்றும் நாம் அவரை அறிவோம். தமது வாழ்வின் பிற்பாதியை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளை, அவர் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்காகவே செலவிட்டார் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. மாணவன் தானே விரும்பிக் கற்பதற்கு அவனைச் சுற்றி என்ன இருக்க வேண்டும் என்ற கேள்வி அவரை இளமை முதல் முதுமை வரை விடாமல் பற்றியிருந்தது. அந்தக் கேள்வி எங்கே பிறந்தது, அதற்காக அவர் என்ன விலை கொடுத்தார் என்பதை அறிவது நம் ஒவ்வொருவருக்கும் பயன் தரும்.

கோட்டுக்குள் இருந்த சிறுவன்

1861-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள், கல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகையில் ரவீந்திரர் பிறந்தார். தந்தை, பிரம்ம சமாஜத்தின் பெருந்தலைவர்களுள் ஒருவரான மகரிஷி தேவேந்திரநாதர். தாய் சாரதா தேவி. பெரிய குடும்பம், தந்தையோ பெரும்பாலும் யாத்திரையில் இருப்பவர். எனவே குழந்தைகள் வேலையாட்களின் பொறுப்பில் வளர்ந்தனர்.

ஷியாம் என்ற வேலையாள் சிறுவன் ரவியை ஓரிடத்தில் உட்கார வைத்து, அவனைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் வரைந்துவிடுவான். அதைத் தாண்டினால் பெரும் ஆபத்து நேரும் என்று எச்சரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான். இலக்குவன் கிழித்த கோட்டைத் தாண்டியதால் சீதைக்கு நேர்ந்ததைக் கேட்டறிந்திருந்த சிறுவன் அதை மீறத் துணியமாட்டான். சாளரத்துக்குக் கீழே ஒரு குளமும் அதன் கரையில் ஓர் ஆலமரமும் தெரியும். குளிக்க வருவோரையும், நீரில் மூழ்கி எழும் வாத்துகளையும், ஆலமரத்தின் நிழலையும் பார்த்தபடியே பகல் முழுவதும் கழியும்.

பள்ளிக்கு அனுப்பியபோது வட்டம் சற்றுப் பெரிதாயிற்று, அவ்வளவே. ஓரியண்டல் செமினரி, நார்மல் பள்ளி, பெங்கால் அகாதமி, புனித சேவியர் பள்ளி என்று ஒன்றன்பின் ஒன்றாக மாறினான். எங்கும் மனம் ஒட்டவில்லை. நார்மல் பள்ளியில் பாடம் தொடங்குமுன் பொருள் புரியாத ஆங்கிலப் பாட்டு ஒன்றைப் பிள்ளைகள் கூட்டமாகப் பாட வேண்டும். அங்கிருந்த ஓர் ஆசிரியர் தகாத சொற்களைப் பேசுபவர். அவருடைய கேள்வி எதற்கும் விடை சொல்வதில்லை என்று சிறுவன் உறுதி பூண்டான். ஆண்டு முழுவதும் கடைசி வரிசையில் மௌனமாக அமர்ந்திருந்தான். ஆண்டிறுதியில் வேறோர் ஆசிரியர் வங்கமொழித் தேர்வை நடத்தியபோது அவனே முதலிடம் பெற்றான். தேர்வாளர் சலுகை காட்டிவிட்டார் என்று வகுப்பாசிரியர் முறையிட்டார். மேற்பார்வையாளர் முன்னிலையில் மீண்டும் தேர்வு நடந்தது. அப்போதும் அவனே முதல்வன். கற்கும் ஆற்றல் இல்லாமல் அவன் வாய் மூடி இருக்கவில்லை. மதிப்பில்லாத இடத்தில் மனம் திறக்க மறுத்தான்.

வீட்டிலோ கல்விக்குக் குறைவில்லை. விடியுமுன் மல்யுத்தம், பின்னர் கணிதம், அறிவியல், சமஸ்கிருதம், ஓவியம், உடற்பயிற்சி, இரவில் தூக்கக் கலக்கத்தோடு ஆங்கிலம் என்று நாள் முழுவதும் பாடங்கள். மூத்த சகோதரர் ஹேமேந்திரநாதர் ஒன்றில் மட்டும் உறுதியாக இருந்தார்: எதையும் முதலில் தாய்மொழியில் கற்க வேண்டும். அந்த உறுதிக்கு ரவீந்திரர் பிற்காலத்தில் பெரிதும் நன்றி பாராட்டினார். 1892-இல் கல்வியைப் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் மையக் கருத்தும் அதுவே.

தந்தை தந்த நம்பிக்கை

1873-ஆம் ஆண்டு, பதினொரு வயதில், ரவிக்கு உபநயனம் நடந்தது. அதன்பின் தந்தை அவனைத் தம்முடன் யாத்திரைக்கு அழைத்துச் சென்றார். முதலில் தங்கிய இடம் போல்பூரை அடுத்த சாந்திநிகேதன்.

அங்கு பரந்த வெட்டவெளியில் இரண்டு ஏழிலைப்பாலை மரங்கள் மட்டும் நின்றதைக் கண்ட தேவேந்திரநாதர், தியானத்துக்கு ஏற்ற இடம் என்று கருதி, 1863-இல் இருபது பிகா நிலத்தைப் பெற்றிருந்தார். பின்னர் அங்கே ஒரு விருந்தினர் இல்லம் எழுப்பி, அதற்குச் சாந்திநிகேதன் என்று பெயரிட்டார். மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்கள் அவ்விடத்தைச் சுற்றிச் சிறு சிறு மலைகளும் ஓடைகளும் போலக் காட்சி தரும். நகரத்துச் சிறுவன் அங்கே மனம்போல் அலைந்து திரிந்து, வண்ணக் கற்களை மடி நிறையப் பொறுக்கி வந்தான். தந்தை ஒருநாளும் தடுக்கவில்லை. பொறுக்கிய கற்களைப் பயனற்றவை என்று சொல்லவும் இல்லை.

அவர் மகனுக்குப் பொறுப்புகளும் தந்தார். தம்முடைய விலையுயர்ந்த பொற்கடிகாரத்துக்கு நாள்தோறும் சாவி கொடுக்கும் வேலை அவனுடையது. அளவுக்கு மீறிய ஆர்வத்தோடு சாவி கொடுத்ததில் கடிகாரம் பழுதாகி, கல்கத்தாவுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. சில்லறைக் காசுகளை வைத்திருந்து, ஏழைகளுக்குக் கொடுத்து, கணக்கு எழுதும் வேலையும் அவனுடையது. கணக்கு ஒருநாளும் சரியாக வராது. ஒருமுறை கையிருப்பு கணக்கைவிட மிகுந்துவிட்டது. பணம் இவன் கையில் வளர்கிறது, இவனையே காசாளராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று தந்தை நகைத்தார். கடிந்துகொள்ளவில்லை, வேலையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை.

பின்னர் அமிர்தசரஸ் வழியாக இமயமலையின் டல்ஹௌசிக்குச் சென்றார்கள். அங்கே ஒழுங்கு கடுமையானது. இருள் பிரியுமுன் எழுந்து சமஸ்கிருதச் சொல் வடிவங்களை மனப்பாடம் செய்ய வேண்டும். பனிபோல் குளிர்ந்த நீரில் நீராட வேண்டும். மாலையில் வானம் தெளிந்ததும் தந்தை விண்மீன்களைச் சுட்டிக்காட்டிக் கோள்களைப் பற்றிக் கூறுவார். பகலில் கையில் ஒரு தடியுடன் சிறுவன் தனியாக மலைச்சரிவுகளில் ஏறி இறங்கி வருவான். அதற்கும் தந்தை அச்சம் காட்டவில்லை.

கட்டுப்பாடும் விடுதலையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று ரவீந்திரர் கண்டுகொண்டது இங்கேதான். வேலையாளின் வட்டத்திலும் கட்டுப்பாடு இருந்தது. ஆனால் அதன் அடியில் அச்சம் இருந்தது. தந்தையின் கட்டுப்பாட்டுக்கு அடியில் நம்பிக்கை இருந்தது. அந்தச் சில மாதங்களில் முளைத்த வித்துதான் இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் அதே செம்மண்ணில் பள்ளியாக வளர்ந்தது.

ஐந்து மாணவர்கள்

பதினேழாம் வயதில் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்ற ரவீந்திரர் 1880-இல் பட்டம் எதுவும் பெறாமல் திரும்பினார். 1883-இல் மிருணாளினி தேவியை மணந்தார். 1890-களில் குடும்ப நிலங்களை மேற்பார்வையிடும் பொறுப்பு அவரிடம் வந்தது. பத்மா நதிக்கரையில் உள்ள ஷிலைதஹில் உழவர்களிடையே வாழ்ந்த அந்த ஆண்டுகளில் கிராமத்தின் வறுமையையும் அறியாமையையும் அவர் நேரில் கண்டார். தம் ஐந்து பிள்ளைகளையும் தாம் துன்புற்றது போன்ற பள்ளிகளுக்கு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. வீட்டிலேயே ஆசிரியர்களை அமர்த்தினார், தாமும் கற்பித்தார். ஆனால் தம் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு வழி கண்டால் போதுமா என்ற எண்ணம் எழுந்தது. காட்டில் குருவோடு சீடர்கள் வாழ்ந்த பண்டைய தபோவனத்தின் நினைவு அவரை ஈர்த்தது.

தேவேந்திரநாதர் 1888-இல் எழுதிய அறக்கட்டளைப் பத்திரத்திலேயே சாந்திநிகேதனில் ஒரு பிரம்ம வித்யாலயம் அமைக்க இடம் இருந்தது. ரவீந்திரரின் அண்ணன் மகன் பலேந்திரநாதர் அதற்கு முயன்றார். 1899-இல் இளம் வயதிலேயே காலமானார். நின்றுபோன அந்த முயற்சியை ரவீந்திரர் தந்தையின் ஆசியோடு ஏற்றுக்கொண்டார். பிரம்மசரிய ஆசிரமம் என்று பள்ளிக்குப் பெயர் சூட்டினார். பிரம்மபாந்தவ உபாத்யாயரும் அவருடைய சீடரான ரேவாசந்தும் தொடக்க நாட்களில் துணை நின்றார்கள். சில மாதங்களில் அவர்கள் விலகிச் சென்றார்கள்.

பணத்துக்கு வழி இல்லை. புரியில் இருந்த தமது வீட்டை ரவீந்திரர் விற்றார். மிருணாளினி தேவி தம் நகைகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றிக் கொடுத்தார். அந்த அம்மையார் பிள்ளைகளுக்குத் தம் கையால் சமைத்துப் போட்டு, பெற்றோரைப் பிரிந்து வந்த சிறுவர்களுக்குத் தாயாக இருந்தார்.

மக்களின் ஆதரவும் தொடக்கத்தில் குறைவே. வேறெங்கும் அடங்காத பிள்ளைகளைத் திருத்தி அனுப்பும் இடம் என்று எண்ணிப் பலர் தம் முரட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். தண்டனையே கூடாது என்று கொள்கை வகுத்த பள்ளிக்கு இப்படிப்பட்ட மாணவர்கள் வந்தது பெரும் சோதனை. ரவீந்திரர் கொள்கையை மாற்றவில்லை.

ஆசிரமத்தில் ஒரு நாள்

விடியுமுன் மணி ஒலிக்கும். பாடியபடியே சிலர் ஆசிரமத்தை வலம் வந்து மற்றவர்களை எழுப்புவார்கள். படுக்கையைச் சுருட்டி, அறையைப் பெருக்கி, கிணற்றடியில் நீராடியபின், ஒவ்வொரு சிறுவனும் தன் ஆசனத்தை எடுத்துக்கொண்டு ஒரு மரத்தடியில் தனியே அமர்வான். கால்மணி நேரம் மௌனம். என்ன தியானிக்க வேண்டும் என்று யாரும் கட்டளையிடுவதில்லை. இறைவனை நினையாமல் மரத்தில் ஏறும் அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் குற்றமில்லை. மௌனமாக இருந்தால் போதும் என்பது ரவீந்திரரின் எண்ணம். அமைதியில் அமரும் பழக்கம் வேரூன்றிவிட்டால், வயது வரும்போது அதன் பொருள் தானே விளங்கும் என்று அவர் நம்பினார். பின்னர் எல்லோரும் கூடி உபநிடத மந்திரம் ஓதி வழிபடுவார்கள்.

வகுப்புகள் மாமரத் தோப்பிலும் சால மரங்களின் வரிசையிலும் நடந்தன. மழை வந்தால்தான் கூரைக்குள் செல்வார்கள். காலில் செருப்பு இல்லை. மண்ணைப் பாதம் அறிய வேண்டும் என்பது கருத்து. ஒரு சிறுவன் மரக்கிளையின் கவட்டில் வசதியாக அமர்ந்து படித்துக்கொண்டிருந்ததைக் கண்டு, தலைமை ஆசிரியர் ஒருவர் மனம் பதறினார். அந்த வயதில் மரமேறும் உரிமையைப் பிள்ளையிடமிருந்து பறிக்கலாகாது என்று ரவீந்திரர் அவருக்கு எடுத்துரைக்க வேண்டியிருந்தது.

ஆசிரமத்தின் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பும் காலப்போக்கில் மாணவர்களிடமே ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் தங்களுக்குள் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தவறு செய்தவனைத் தோழர்களின் விசாரணைச் சபையே விசாரித்தது. கையால் எழுதி, படம் வரைந்து, மாணவர்களே பத்திரிகைகளை நடத்தினார்கள். மூத்த மாணவர்கள் அண்டைக் கிராமங்களுக்கும் சந்தால் குடியிருப்புகளுக்கும் சென்று, அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் தனக்கு எது தெரியாது என்பது விளங்குகிறது. அந்த வகையில் அந்த மாலை வேளைகளும் அவர்களுக்கு வகுப்புகளே. இரவில் கதை, பாட்டு, நாடகம். நிலவுக் காலத்தில் நெடுநடை.

கற்றுக்கொண்டே இருந்த ஆசிரியர்கள்

பிள்ளைகள் தாமே கற்க வேண்டுமானால், கற்பதில் இன்பம் காணும் பெரியவர்களிடையே அவர்கள் வாழ வேண்டும். எரியும் விளக்கிலிருந்துதான் மற்றொரு விளக்கை ஏற்ற முடியும். எனவே பட்டத்தைவிட இந்தப் பண்பையே ஆசிரியர்களிடம் ரவீந்திரர் தேடினார்.

அவருடைய ஜமீன் அலுவலகத்தில் ஹரிசரண் பந்தோபாத்யாயர் என்ற இளைஞர் பணிபுரிந்தார். ஒருமுறை பார்வையிடச் சென்ற ரவீந்திரர், அலுவல் முடிந்தபின் மாலையில் என்ன செய்கிறீர் என்று அவரை வினவினார். சமஸ்கிருதம் பயில்வதாகவும், ஒரு நூலின் கையெழுத்துப் படியில் வேலை செய்து வருவதாகவும் அவர் கூறினார். கையெழுத்துப் படியை வாங்கிப் பார்த்த ரவீந்திரர், சில நாட்களில் அவரைச் சாந்திநிகேதனுக்கு ஆசிரியராக அழைத்துக்கொண்டார். வங்கமொழிக்கு ஒரு பேரகராதி செய்யுமாறும் பணித்தார். 1905-ஐ ஒட்டித் தொடங்கிய அந்த வேலையை, வகுப்புகள் போக எஞ்சிய நேரத்தில், ஹரிசரணர் தனியொருவராகச் செய்தார். இடையில் வறுமையால் வேலை நின்றபோது, காசிம்பஜார் மகாராஜாவிடமிருந்து மாதந்தோறும் ஐம்பது ரூபாய் கிடைக்க ரவீந்திரர் ஏற்பாடு செய்தார். வங்கீய சப்தகோஷம் என்ற அந்த அகராதி 1932-இல் அச்சேறத் தொடங்கி, ரவீந்திரர் மறைந்த பின்னரே நிறைவெய்தியது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் கால உழைப்பு அது. நாள்தோறும் மாலையில் விளக்கின்முன் குனிந்து சொற்களைத் தொகுக்கும் ஆசிரியரைக் கண்டு வளர்ந்த மாணவனுக்கு, விடாமுயற்சியைப் பற்றித் தனியாக ஒரு பாடம் தேவைப்பட்டிருக்காது.

ஜமீன் பணியிலிருந்தே வந்த மற்றொருவர் ஜகதானந்த ராய். கணிதமும் அறிவியலும் கற்பித்த அவர், இரவில் மாணவர்களுக்கு விண்மீன்களைக் காட்டினார். எளிய வங்கமொழியில் அறிவியல் நூல்கள் பல எழுதினார். டல்ஹௌசியில் தந்தை ஏற்றிய ஆர்வம் ரவீந்திரரிடமும் அணையவில்லை. எழுபத்தாறாம் வயதில், 1937-இல், விசுவ பரிசயம் என்ற அறிவியல் நூலைத் தாமே எழுதி வெளியிட்டார்.

சதீஷ் சந்திர ராய் என்ற இளங்கவிஞர் பட்டத் தேர்வைத் துறந்து வந்து சேர்ந்தார். ஷேக்ஸ்பியரையும் பிரௌனிங்கையும்கூடச் சிறுவர்களுக்கு வங்கமொழியில் உயிரோடு விளக்குவார். பிள்ளைகளுக்கு இது புரியாது என்று அவர் எதையும் ஒதுக்கவில்லை. ஒருவன் எவ்வளவு பெற்றுக்கொள்வான் என்பதை அவனுடைய தாகமே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுக்கடுக்கான பிரிவுகள்

பள்ளி தொடங்கி ஓராண்டு நிறைவதற்குள், 1902 நவம்பர் 23-ஆம் நாள், மிருணாளினி தேவி காலமானார். அவருக்கு வயது இருபத்தெட்டே. அடுத்த ஆண்டு மகள் ரேணுகா நோயுற்றாள். அல்மோராவுக்கு அழைத்துச் சென்று, படுக்கையருகில் அமர்ந்து பணிவிடை செய்துகொண்டே, ரவீந்திரர் குழந்தைகளுக்கான கவிதைகளை எழுதினார். 1903 செப்டம்பரில் ரேணுகாவும் மறைந்தாள். 1904 தொடக்கத்தில் சதீஷ் சந்திர ராய் ஆசிரமத்திலேயே பெரியம்மையால் இறந்தார்; அவருக்கு வயது இருபத்திரண்டு அளவில் இருக்கும். தொற்றுக்கு அஞ்சிப் பள்ளியைச் சில காலம் ஷிலைதஹுக்கு மாற்ற நேர்ந்தது. 1905 ஜனவரியில் தந்தை தேவேந்திரநாதர் காலமானார்.

கடைசி மகன் சமீந்திரன் ஆசிரமத்தில் படித்துவந்தான். 1907-ஆம் ஆண்டு வசந்த பஞ்சமியின்போது, பருவங்களை வரவேற்கும் விழா ஒன்றைத் தன் தோழர்களோடு அவன் நடத்தினான். சாந்திநிகேதனின் பருவ விழாக்களுக்கு அதுவே தொடக்கம். அதே ஆண்டு நவம்பரில், விடுமுறைக்கு முங்கேர் சென்றிருந்தபோது, பதினொரு வயது நிறையாத அந்தச் சிறுவன் காலராவால் இறந்தான். தாய் மறைந்து சரியாக ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

ரவீந்திரர் ஆசிரமத்துக்குத் திரும்பி மீண்டும் வகுப்புகளை நடத்தினார். மறு ஆண்டில், மாணவர்கள் நடிப்பதற்காகச் சாரதோத்சவம் என்ற நாடகத்தை எழுதினார். இலையுதிர்காலத்தின் வெயிலையும் விடுமுறையின் மகிழ்ச்சியையும் பாடும் நாடகம் அது. தம் மகன் தொடங்கிவைத்த விழாவைப் பிறர் பிள்ளைகளின் மகிழ்ச்சியாக அவர் தொடர்ந்தார். துயரத்தை அவர் எப்படிக் கடந்தார் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது.

சோதனைகளும் திருத்தங்களும்

சாந்திநிகேதனைக் குறையே இல்லாத தபோவனமாகச் சித்திரிப்பது உண்மையாகாது. தொடக்க ஆண்டுகளில் சாதி வழக்கத்துக்கு அங்கே இடம் தரப்பட்டது. பிராமண மாணவர்கள் பிராமணரல்லாத ஆசிரியரின் பாதம் தொட்டு வணங்கலாமா என்ற சிக்கல் 1902-இல் எழுந்தபோது, கைகூப்பி வணங்கினால் போதும் என்று சமூக வழக்கத்துக்கு ரவீந்திரர் இணங்கினார். தனிப்பந்தி வழக்கமும் சில காலம் நீடித்தது. காலம் செல்லச் செல்ல அவருடைய பார்வை விரிந்தது. கோரா, அசலாயதனம் ஆகிய படைப்புகளில், ஆசாரத்தின் பெயரால் மனிதனை மனிதன் விலக்குவதை அவரே கடுமையாகச் சாடினார். பள்ளியும் அவரோடு சேர்ந்து வளர்ந்தது.

1911-12 காலத்தில், இந்தப் பள்ளி அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கு ஏற்றதன்று என்று கிழக்கு வங்காள, அஸ்ஸாம் அரசு இரகசியச் சுற்றறிக்கை அனுப்பியது. பெற்றோர் சிலர் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்றார்கள். 1913-இல் நோபல் பரிசு வந்தபின் உலகமே திரும்பிப் பார்த்தது. பரிசுத் தொகையைப் பதிசரில் உழவர்களுக்குக் கடன் தரும் வங்கியில் இட்டு, அதன் வட்டியைப் பள்ளிக்கு ஒதுக்கினார்.

தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் ஃபீனிக்ஸ் ஆசிரமத்தில் வளர்ந்த மாணவர்கள் 1914 இறுதியில் சாந்திநிகேதனில் வந்து தங்கினார்கள். 1915 பிப்ரவரியில் காந்தியடிகளும் வந்தார். சமையல், பாத்திரம் துலக்குதல், துப்புரவு ஆகிய எல்லாவற்றையும் மாணவர்களும் ஆசிரியர்களுமே செய்தால் என்ன என்று அவர் கேட்டார். ரவீந்திரர் மகிழ்ந்து இசைந்தார். மார்ச் 10-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. நெடுநாள் நீடிக்கவில்லையாயினும், ஆண்டுதோறும் அதே நாளில் பணியாளர்களுக்கு ஓய்வளித்து ஆசிரமத்தார் தாமே எல்லா வேலைகளையும் செய்யும் வழக்கம் அங்கே நிலைத்தது.

1921 டிசம்பரில் விசுவபாரதி முறையாகத் தொடங்கப்பட்டது. உலகின் பல நாட்டு அறிஞர்கள் வந்தார்கள். சிறிய ஆசிரமப் பள்ளி ஒரு பெரிய நிறுவனத்தின் பகுதியாயிற்று.

மீண்டும் ஒரு சிறு பள்ளி

எல்லோரும் வெற்றி என்று கருதியபோது ரவீந்திரரின் மனம் நிறைவடையவில்லை. பெற்றோர் விரும்பியது மெட்ரிகுலேஷன் தேர்ச்சியை. மாணவர்கள் மிகுந்தபோது தேர்வின் பிடியும் இறுகியது. வசதியுள்ள குடும்பங்களின் பிள்ளைகளே பெரும்பாலும் வந்தார்கள். சுற்றியிருந்த கிராமங்களின் ஏழைச் சிறுவனுக்கு அங்கே இடம் இல்லை.

அறுபத்து மூன்றாம் வயதில் அவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். 1924-இல் சிக்ஷா சத்ரம் என்ற சிறிய உறைவிடப் பள்ளி, ஒருசில ஏழைக் கிராமத்துச் சிறுவர்களோடு பிறந்தது. பொறுப்பேற்றவர் சந்தோஷ் சந்திர மஜும்தார். பிரம்மசரிய ஆசிரமத்தின் தொடக்ககால மாணவரான அவர், ரவீந்திரரின் மகன் ரதீந்திரநாதரோடு அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்று திரும்பியவர். 1922-இல் சுருல் கிராமத்தில் லியோனார்ட் எல்ம்ஹர்ஸ்டின் துணையுடன் தொடங்கிய ஸ்ரீநிகேதன் கிராமப் புனரமைப்புப் பணியோடு இப்பள்ளி இணைந்து வளர்ந்தது. 1927-இல் அங்கேயே மாற்றப்பட்டது.

இங்கே பாடத்திட்டம் வாழ்க்கையிலிருந்தே எடுக்கப்பட்டது. ஒவ்வொரு சிறுவனுக்கும் தோட்டத்தில் ஒரு பாத்தி. அதில் விளைவதை அளக்கும்போது கணிதம்; மண்ணையும் பூச்சியையும் பார்க்கும்போது அறிவியல்; கணக்கும் குறிப்பும் எழுதும்போது மொழி. நெசவும் சமையலும் கோழி வளர்ப்பும் கற்றார்கள். வேலையை ஒட்டிக் கேள்வி எழுந்தது. கேள்வியை ஒட்டிக் கல்வி வந்தது.

இந்தப் பணியில் ஒரு தமிழருக்கும் பங்குண்டு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆரியநாயகம் சாந்திநிகேதனில் ரவீந்திரரோடு பணியாற்றியவர். 1930-இல் அவருடைய ரஷ்யப் பயணத்திலும் உடன் சென்றவர். பின்னர் அவரும் துணைவியார் ஆஷா தேவியும் சேவாகிராமம் சென்று, காந்தியடிகளின் ஆதாரக் கல்வி இயக்கத்தை முன்னின்று நடத்தினார்கள். வங்கத்துச் செம்மண்ணில் முளைத்த நாற்று இவ்வாறு வார்தாவின் மண்ணிலும் வேர் பிடித்தது.

கடைசி வரை

வயது எழுபதைத் தாண்டிய பின்னும் பணமுடை தீரவில்லை. மாணவர்களை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக நாட்டிய நாடகங்கள் நடத்தி நிதி திரட்டினார். 1936-இல் டெல்லியில், தளர்ந்த உடலோடு இவ்வாறு அலைவதைக் கண்டு வருந்திய காந்தியடிகள், தேவைப்பட்ட அறுபதாயிரம் ரூபாயைத் திரட்டிக் கொடுத்து அவரை ஆசிரமத்துக்கு அனுப்பிவைத்தார். 1940 பிப்ரவரியில் காந்தியடிகள் மறுபடி வந்தபோது, தமக்குப் பின் விசுவபாரதியைக் காக்குமாறு ரவீந்திரர் எழுத்து மூலம் வேண்டினார்.

1941 ஜூலையில் சிகிச்சைக்காகச் சாந்திநிகேதனை விட்டுப் புறப்பட்டார், மீண்டும் திரும்பவில்லை. ஆகஸ்ட் 7-ஆம் நாள், பிறந்த அதே ஜோராசாங்கோ இல்லத்தில் அவர் உயிர் பிரிந்தது. 1951-இல் விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. 2023 செப்டம்பரில் சாந்திநிகேதன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தலைமை நீதிபதியான சுதி ரஞ்சன் தாஸ், திரைமேதை சத்யஜித் ராய், பொருளியலறிஞர் அமர்த்தியா சென் என்று அங்கே பயின்ற பலரை நாடு அறியும்.

ஆனால் புகழ்பெற்ற பெயர்களை எண்ணி மட்டும் அந்தப் பள்ளியை அளப்பது, அதை நிறுவியவரின் நோக்கத்துக்குப் பொருந்தாது. மரத்தடி மௌனத்தில் அணிலைப் பார்த்திருந்த பெயர் அறியாச் சிறுவர்களும், சிக்ஷா சத்ரத்தில் தம் பாத்திக்கு நீர் ஊற்றிய ஏழைப் பிள்ளைகளும் அவருக்கு அவ்வளவு முக்கியமானவர்கள்.

எல்லோராலும் பிள்ளைகளுக்காக ஒரு சாந்திநிகேதனை எழுப்ப இயலாது. மாமரத் தோப்பும் சால மர வரிசையும் நகரத்து வீடுகளில் கிடைக்கப்போவதில்லை. ஆனால் மகரிஷி தம் மகனுக்குத் தந்தவை எந்த வீட்டிலும் தரக்கூடியவை: நம்பி ஒப்படைத்த ஒரு பொறுப்பு, பழுதானால் பொறுத்துக்கொள்ளும் மனம், விடியலில் எழும் ஒழுங்கு, இரவில் வானத்தைப் பார்க்கச் சற்று நேரம். இவற்றோடு, நாமும் ஏதேனும் ஒன்றைக் கற்றுக்கொண்டிருப்பதைப் பிள்ளைகள் காண வேண்டும். பெரியவர்கள் கற்பதை நிறுத்திவிட்ட வீட்டில், பிள்ளையைப் படி என்று சொல்லும் சொல்லுக்கு வலிமை குறைவு.